பள்ளிக்கூடத்துச் சில்லறைச் செலவு

ஜூன் மாதத்தில் மும்பையில் மழையும் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்குகின்றன. குடை, காலணி, நோட்டுப் புத்தகம் என்று நம் இல்லங்களில் கணக்குப் போடும் நாட்கள் இவை. அதே நாட்களில் நம் பிள்ளைகளின் ஆசிரியைகளும் மற்றொரு கணக்குப் போடுகின்றனர் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுண்ணக்கட்டி, அட்டை, பசை, வண்ணம், நூல் முதலியவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வருவது போதுமா? போதாததைப் போதுமாக்குவது எப்படி? இம்மாதம் இவ்விஷயத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில், தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர் ஒருவருக்குக் கற்பித்தல் சாதனங்களுக்கென்று ஆண்டுக்கு 500 ரூபாய் ஒதுக்கும் விதி இருந்தது. தொகை சிறிதே, ஆயினும் அது ஆசிரியரின் பெயரால் வந்த தொகை. 2018-ல் சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த திட்டம் வந்த பின்னர், அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரே மானியம் என்றாயிற்று. 2021 முதல் 2026 மார்ச் வரைக்கென வகுக்கப்பட்ட விதிப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய்; 100 வரை 25,000; 250 வரை 50,000; 1,000 வரை 75,000; அதற்கு மேற்பட்டால் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைப் பணிக்குச் செல்ல வேண்டும். மின்கட்டணம், தண்ணீர், பழுதான பொருளை மாற்றுதல், கற்பித்தல் சாதனம் யாவும் எஞ்சிய தொகையில் அடங்க வேண்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித் தொகை உண்டு.

240 பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மானியம் 50,000 ரூபாய். தூய்மைக்குரிய 5,000 போக மிச்சம் 45,000. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 187 ரூபாய். ஆண்டில் 200 நாள் பள்ளி நடந்தால், நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட முழுமையாக வரவில்லை. அந்த ஒரு ரூபாயிலும் மின்விளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பங்கு உண்டு. வேறு திட்டங்களின் வழியே அச்சடித்த பொருள்கள் வருவதுண்டு. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அல்லர். ஆகவே, குறைகின்ற இடத்தில் ஆசிரியை தம் சம்பளத்திலிருந்து எடுத்துப் போடுகிறார். அதை வெளியிற் சொல்வதும் இல்லை.

தமிழ்வழி வகுப்பில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுத்து அட்டைகள் தெருமுனைக் கடையிலேயே தொங்குகின்றன. தமிழில் வேண்டுமெனில் ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். இல்லையேல் கையால் எழுத வேண்டும். கையால் எழுதுவதே மேல் என்பது நமது அபிப்பிராயம். காரணத்தைக் கூறுகிறோம்.

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. இவற்றுக்கு 247 அட்டைகள் வேண்டுமென்பதில்லை. க முதல் ன வரை 18 அட்டைகள் எழுதிக்கொள்ள வேண்டும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகிய நான்கும், ஔகாரத்துக்காக ள போன்ற குறி ஒன்றுமாக 5 சிறு அட்டைகள் சேர்த்தால் மொத்தம் 23. இவற்றை முன்னும் பின்னும் மாற்றி வைத்தால், அகர வரிசை 18-உடன் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஏழு வரிசைகளும் வந்துவிடுகின்றன. ஆக 144 எழுத்துக்கள்! இ, ஈ, உ, ஊ வரிசைகளில் எழுத்தின் உருவமே மாறுவதால் அவற்றுக்குத் தனி அட்டைகள் வேண்டும். தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களை மற்றவற்றின் வரிசையிற் கொண்டுவந்ததால்தான் இவ்வளவு எளிதாயிற்று. கடையில் வாங்கிய சுவர்ப்படத்தைப் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். இந்த 23 அட்டைகளையோ பிள்ளையே எடுத்து வைக்கும், தவறினால் மாற்றி வைக்கும். இதற்கு ஆகும் செலவு சில அட்டைத் தாள்களும் ஒரு மைப்பேனாவுமே.

சிக்கனமான வகுப்பறை என்றால் வறண்ட வகுப்பறை என்று பொருளாகாது. நமக்கு வெகு அருகிலேயே இதற்குச் சான்று உள்ளது. மும்பையிற் பிறந்த தாராபாய் மோடக் அம்மையார் 1945-ல், மேற்கு ரயில் பாதையில் கோல்வாடு நிலையத்துக்கு அருகேயுள்ள போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கினார். பின்னர் அப்பணி ஆதிவாசி மக்கள் வாழும் கோஸ்பாடுக்குச் சென்றது. அவரும் அனுதாய் வாக் அம்மையாரும் விலையுயர்ந்த சாதனங்களை நாடவில்லை. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை ஆகியவையே அங்குப் பாடக் கருவிகளாயின. பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாதபோது, பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சென்றது; அங்கன்வாடி என்னும் சொல்லின் பொருளும் அதுவே.

விஞ்ஞானத்துக்கும் இவ்வழி பொருந்தும். பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா அவர்கள் 1978-ல் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்றபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூபுத் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்து காட்டினார். அவ்வாறு சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்து விடுகிறது, முக்கோணம் சாய்வதில்லை. நம் ரயில் நிலையத்து மேம்பாலங்களில் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணமாக அமைந்துள்ளன என்பதை ஒரு பிள்ளை இதிலிருந்தே உணர்ந்துகொள்ளும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-க்குப் பின் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலோ, சுவரின் கீழ்ப்பகுதியையே கரும்பலகையாக்கி, பிள்ளைகள் தாமே எழுதுமாறு இடம் ஒதுக்கினார்கள்.

இனி, கையிலுள்ள பணத்தைச் செலவிடும் முறைக்கு வருவோம். ஆசிரியர்களுக்கு நாம் பாடம் சொல்ல வரவில்லை; அவர்களிற் பலர் செய்வதையே தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, செய்து முடித்த பொருளைவிட மூலப்பொருளை வாங்குதல். பளபளப்பான ஒரு சுவர்ப்படத்தின் விலைக்குப் பல தாள் அட்டைகள் கிடைக்கும்.

இரண்டாவது, தேய்ந்து போகும் பொருளையும் நின்று உழைக்கும் பொருளையும் பிரித்துக்கொள்ளுதல். கத்தரிக்கோல், இரும்பு அளவுகோல், மூடியுள்ள தகரப் பெட்டி ஆகியவற்றில் மலிவைத் தேடலாகாது. காகிதத்திலும் பசையிலும் தேடலாம்.

மூன்றாவது, இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து மொத்தமாக வாங்குதல். கிராபோர்டு மார்க்கெட்டை அடுத்த அப்துல் ரஹ்மான் தெருவில் எழுதுபொருள் மொத்த வியாபாரம் நடப்பது நம்மவர் அறிந்ததே.

நான்காவது, மும்பை மழையை மறவாமை. ஈரம் ஏறிய சுண்ணக்கட்டி எழுதாது. கசியும் சுவரில் ஒட்டிய படம் ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். கயிறு கட்டித் தொங்கவிட்டு, மாலையிற் பெட்டியில் வைத்தால் மூன்றாண்டு உழைக்கும்.

ஐந்தாவது, மார்ச் மாதத்து அவசரத்துக்கு இடங்கொடாமை. நிதியாண்டு முடியுமுன் செலவழித்தாக வேண்டும் என்று கடைசி வாரத்தில் வாங்கிய பொருள் பெரும்பாலும் அலமாரியிலேயே உறங்கும். அலுவலகங்களிற் பணிபுரியும் நம் போன்றோருக்கு இது புதிய செய்தியன்று. வேண்டிய பொருட்களின் பட்டியல் ஜூனிலேயே தயாராயிருந்தால், பணம் தாமதமாய் வந்தாலும் வீணாகாது.

நிற்க. நம் குடும்பங்கள் செய்ய வேண்டுவது யாது? தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் வீட்டுச் சுவர்களில் தமிழ்த் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. கிழித்தெறியும் தாளில் பெரிய எழுத்தில் எண் இருக்கிறது; ஒரு மாதத் தாள்களைச் சேர்த்தால் 1 முதல் 30 வரை எண் அட்டைகள் தயார். கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டைக்கு ஈடான அட்டையை விலைக்கு வாங்கப் பணம் அதிகம் வேண்டும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு ஆகும். துடைப்பத்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பு விளங்கும். தாய்மார்கள் இவற்றைச் சுத்தம் செய்து, இனம் பிரித்து, ஆசிரியையைக் கேட்டறிந்த பின் அனுப்ப வேண்டும். கேளாமல் அனுப்பும் மூட்டை ஆசிரியைக்கு உதவியன்று, சுமையே.

இதனினும் முக்கியமான கடமை ஒன்றுண்டு. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பது அக்குழுவுக்குச் சட்டமே அளித்த பொறுப்பு. நம்மவர் அக்கூட்டத்துக்குச் செல்வதில்லை. சென்றாலும் மொழி தெரியாத தயக்கத்தாற் பேசாமல் திரும்புகின்றனர். மூன்றே கேள்விகள் போதும்: மானியம் எப்போது வந்தது? எதற்குச் செலவாயிற்று? வகுப்பு ஆசிரியர் கேட்டது கிடைத்ததா? இவற்றைப் பணிவோடு கேட்கலாம். எந்த மொழியிலும் கேட்கலாம்.

புளியங்கொட்டையும் காலண்டர் தாளும் இருக்கின்றனவே என்று மானியத்தைக் குறைக்க எவருக்கும் நாம் இடமளிக்கலாகாது. வர வேண்டிய பணம் வந்தாக வேண்டும். வந்த பணம் பிள்ளையின் கைக்குப் பொருளாய்ச் சேர வேண்டும். இவ்விரண்டிலும் பெற்றோர் ஆசிரியரின் பக்கம் நின்றால், தம் சம்பளத்திலிருந்து எடுத்துப் போடும் அந்தச் சில்லறைச் செலவாவது அவருக்குக் குறையும். அடுத்த கூட்டம் எந்நாளில் என்று இவ்வாரமே பள்ளியில் விசாரித்து அறியுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.