ஆளில்லாத் தீவு என்று யார் சொன்னது?

 

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு வாருங்கள்.

போன கிழமை எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றியது. விடுமுறைக்கு ‘ஐலண்ட் ஹொப்பிங்’. இரண்டு நாள், நாலு தீவு. நயினாதீவு, நெடுந்தீவு என்று தொடங்கி, கடைசியில் ‘ஆளில்லாத சொர்க்கம்’ இரணைதீவு. கரையில் டென்ட், இரவு நெருப்பு மூட்டிப் பாட்டு, ட்ரோனில் படம். யார் போட்டது என்று எழுதமாட்டேன். எங்கட பெடியங்கள்தான். இரண்டு பேர் என்னிடமே படித்தவர்கள். உழைக்க வேண்டும் என்று நினைப்பதில் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் நெல்லையும் வெளிநாட்டுக் காசையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? சுற்றுலா செய்யட்டும். எனக்குக் கோபம் அந்த ஒரு சொல்லில். ஆளில்லாத.

இரணைதீவு எங்கள் மாவட்டம். பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவு. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரட்டையாகக் கிடப்பதால் அந்தப் பெயர். தலைமுறை தலைமுறையாக அங்கே கத்தோலிக்கச் சனம் வாழ்ந்தது. மாதா கோயில் இருந்தது, கிணறு இருந்தது, தென்னை இருந்தது, மீனும் நண்டும் கடலட்டையும் இருந்தன. 1992இல் யுத்தத்தில் எழும்பி வந்தார்கள். முழங்காவில் பக்கத்தில் கிடைத்த காணியில் குடியேறினார்கள். அந்த இடத்துக்கு இரணைமாதா நகர் என்று பெயர் வைத்ததிலிருந்தே தெரியவில்லையா, அவர்கள் மனம் எங்கே கிடந்தது என்று?

2009இல் யுத்தம் முடிந்தது. எல்லாரும் மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பினோம். அவர்கள் திரும்பவில்லை. திரும்ப விடவில்லை. தீவில் கடற்படை இருந்தது. 2017 மே முதலாம் திகதி இரணைமாதா நகரில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம். முன்னுக்கு நின்றவர்களில் அதிகம் பெண்கள். கொழும்புக்குப் போனார்கள், மகஜர் கொடுத்தார்கள், அமைச்சர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். கடைசியில் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, யாருடைய கடிதத்துக்கும் காத்திராமல், வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களே போய் இறங்கினார்கள். 26 வருடத்துக்குப் பிறகு.

பெடியங்கள் ‘ஆளில்லாத’ என்று எழுதியது இந்தத் தீவைத்தான்.

அங்கே போய்ப் பார்த்தால் வெறுமையாகத்தான் தெரியும். இடிந்த சுவர், கூரையில்லாத கட்டிடம், பற்றை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இரணைமாதா நகரில் விட்டுவிட்டு, தகப்பனும் தாயும் தீவில் தொழில் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வருத்தம் வந்தால் வள்ளம், பிள்ளைப்பேறு என்றால் வள்ளம். நிரந்தரமாகக் குந்தியிருக்க வசதி செய்து கொடுக்காமல் வைத்துக்கொண்டு, “பாருங்கள், ஆளே இல்லை” என்பது என்ன நியாயம்?

ஸ்கந்தபுரத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது சனம் வந்து நிறைந்தது இந்த மண்ணில்தான். மர நிழலுக்குக்கூட இடமில்லாமல் இருந்த கதையை என்னுடன் படிப்பிக்கிற மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு 2008இல் நீங்களே எழும்ப வேண்டி வந்தது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம். திரும்பி வந்தபோது உங்கள் வளவு எப்படி இருந்தது? பற்றை மண்டி, கதவு நிலை கழற்றப்பட்டு, கிணறு தூர்ந்து. அந்த ஒன்றரை வருடத்தில் யாரும் வந்து, “அழகான இடம், ஆளில்லை, டென்ட் அடிப்போம்” என்றிருந்தால்? உங்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டி ஆடியிருந்தால்? ஆளில்லாத காணி அது என்று ஒப்புக்கொள்வீர்களா?

இனி, நான் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம். அதைச் சொல்லாமல் விட்டால் என் ஆட்கள்தான் முதலில் கீழே வந்து எழுதுவார்கள். “டீச்சர், அந்த இரணைதீவுச் சனம்தானே எங்கட ஜனாஸாவை அடக்க விடமாட்டோம் என்று ரோட்டில் நின்றது? அவர்களுக்காக நீங்கள் ஏன் கண்ணீர் வடிக்கிறீர்கள்?” இதை நேரில் என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கதைப்போம். 2020இல் கொரோனாவில் இறந்த எங்கள் மையித்துகளை எரித்தார்கள். அடக்கினாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது நினைவிருக்கும். அதில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அடக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடுவதற்குள், மார்ச் 2ஆம் திகதி அடுத்த அறிவிப்பு: இரணைதீவில் அடக்கலாம்.

கொஞ்சம் யோசியுங்கள். காத்தான்குடியில், பேருவளையில், கொழும்பில் இறந்த ஒருவரை அடக்க, நாட்டின் வடமேற்கு மூலையில், கடல் தாண்டி ஒரு தீவு. யார் போய் ஜனாஸாத் தொழுவது? யார் கபுறடியில் நின்று துஆக் கேட்பது? எங்கள் அமைப்புகளே அதை எதிர்த்தன. அந்தச் சனத்திடமும் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் திரும்பி வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. கொழும்பில் வரைபடத்தை விரித்தவர்களின் கண்ணுக்கு அதுவும் ஓர் ஆளில்லாத தீவு. எங்களை எங்கேயாவது தள்ளிவிட வேண்டும், அதற்கு ஒரு வெற்றிடம் வேண்டும். அவ்வளவுதான். அடுத்த நாள் இரணைமாதா நகரில் சனமும் குருமாரும் எதிர்த்து நின்றார்கள். எதிர்த்தது எங்கள் மையித்தை அல்ல. கேட்காமல் எடுத்த முடிவை. கடைசியில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் நடந்தது. 3000க்கும் மேற்பட்ட உடல்களுக்கு இடம் கொடுத்தது அந்த மண். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரித்தது எரித்ததுதான்.

எங்களுக்கு அநியாயம் செய்தவர்களை விட்டுவிட்டு, எங்களைப் போலவே கேட்பாரற்றுக் கிடந்த சனத்தின் மேல் கோபப்படுவது சுலபம். அந்தச் சுலபமான வேலையை யாரோ எங்களுக்கென்று திட்டமிட்டு வைத்த மாதிரியே எனக்குப் படுகிறது.

நான் நாச்சிக்குடாக்காரி. நாச்சிக்குடாவுக்கும் இரணைமாதா நகருக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் உம்மாவின் வயிற்றில். மன்னார்த் தீவுச் சனம் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனது. எங்கள் குடும்பம் வவுனியா வழியாகப் புத்தளம் போய், பிறகு கற்பிட்டி. முகாமில் பிறந்தேன். எங்கள் வீடும் ‘ஆளில்லாத’ வீடாகத்தான் இருபது வருடம் கிடந்தது. திரும்பி வந்து பதிவு கேட்டபோது, “நீங்கள் புத்தளம் ஆட்கள்தானே” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவள் நான். அதனால்தான் இந்தச் சொல்லும் எனக்குக் குத்துகிறது.

கற்பிட்டியில் வளர்ந்ததில் இன்னொன்றும் பார்த்தேன். “சுற்றுலா வந்தால் ஊர் முன்னேறும், டீச்சருக்கு என்ன தெரியும்” என்பவர்களுக்காக இது. கற்பிட்டிக் களப்பிலும் கடலிலும் கிடக்கிற 14 தீவுகளைச் சேர்த்து மாபெரும் சுற்றுலாத் திட்டம் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாலைதீவு என்று பேச்சு. காணி அளந்தார்கள், முள்ளுக்கம்பி அடித்தார்கள். கரைவலை இழுத்த கரையில், வாடி போட்டிருந்த இடத்தில், போகக்கூடாது என்று பலகை நட்டார்கள். மீன்பிடிச் சனம் வருடக்கணக்காகப் போராடியது. சொன்ன ஹோட்டல்களில் பல வரவேயில்லை. வேலி மட்டும் நின்றது. டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரரை ஏற்றிச் சில பேர் உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. எஞ்சின் வைத்திருந்தவன் உழைத்தான். சிறாம்பி போட்டுக் கருவாடு காயவைத்த பெண் கரையை இழந்தாள்.

மாலைதீவை உதாரணம் காட்டுகிற எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. ஏறத்தாழ 1200 தீவு இருக்கிற நாடு அது. மக்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில். 1972இல் சுற்றுலா தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல். ஊர்ச்சனம் வாழ்கிற தீவில் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடைத்தது 2009க்குப் பிறகுதான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் காசு தலைக்கு மேலால் பறந்தது. ஊர்ச்சனத்துக்குச் சமையலறையும் தோட்டவேலையும். இன்று மாபுஷி போன்ற தீவுகளில் ஊரவர்களே அறை வாடகைக்கு விடுகிறார்கள், எந்தக் கரையில் எந்த உடுப்பு என்று ஊரே வரையறுக்கிறது. குறையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கிறவர் அங்கே வாழ்கிறவர். மாலைதீவிடம் படிப்பதென்றால் அந்தப் பிந்திய பாடத்தைப் படியுங்கள்.

நெடுந்தீவு பற்றியும் இரண்டு வார்த்தை. குறிகட்டுவானில் விடுமுறை நாளில் நின்று பார்த்திருக்கிறீர்களா? குதிரை பார்க்க, பெருக்க மரம் பார்க்க, ஒல்லாந்தர் கோட்டை பார்க்க வருகிறவர்களின் வரிசை. அதற்குள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக் காட்டிவிட்டு, மருந்துப்பையோடும் அரிசிப்பையோடும் வீடு திரும்ப நிற்கிற ஒரு கிழவி. எங்களுக்கு அது ‘போட் ரைட்’. அவருக்கு அது பஸ். வடதாரகை, நெடுந்தாரகை எல்லாம் தீவுச்சனத்துக்காக வந்த படகுகள். முதலில் அவர்கள் ஏறட்டும், மிச்ச இடத்தில் நாங்கள் ஏறுவோம். இடமில்லையென்றால் நிற்போம். எங்களுக்கென்ன, லீவுதானே!

அந்தக் கடலில் ஸ்பீக்கர் போட்டு ஆடிக்கொண்டு போகிற வீடியோவும் பார்த்தேன். 1985 மே 15, அதே கடலில்தான் குமுதினிப் படகை மறித்துக் குழந்தைகள் உட்பட வெட்டிக் கொன்றார்கள். இதைப் பெடியங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது யார் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்களில் பெற்றோரும் இருக்கிறார்கள், பாடப்புத்தகம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நயினாதீவைக் கோயிலுக்கும் விகாரைக்கும் நடுவில் ஒரு செல்பி என்று முடிக்கிறார்கள். அங்கே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. வழிகாட்டிகள் அதைக் காட்டுவது குறைவு. அது வேறு பதிவுக்கு.

அப்ப என்ன செய்யச் சொல்கிறீர்கள் டீச்சர்? வீட்டில் குந்தியிருக்கவா? இல்லை. ஒழுங்கு செய்கிற பெடியங்கள் முதலில் இரணைமாதா நகருக்குப் போகட்டும். எங்கள் இடத்திலிருந்து ஜெயபுரம், பல்லவராயன்கட்டு தாண்டினால் முழங்காவில், மோட்டார் சைக்கிளில் ஒரு பின்னேர வேலை. கடற்தொழிலாளர் சங்கத்தோடும், பங்குத்தந்தையோடும், அந்தப் போராட்டத்தில் இருந்த பெண்களோடும் கதையுங்கள். நாங்கள் வரலாமா, எத்தனை பேர் வரலாம், எந்த நாள் உங்களுக்குத் தொழில் கெடாது என்று கேளுங்கள். அவர்களுடைய வள்ளம், அவர்கள் சொல்கிற கூலி, அவர்கள் சமைக்கிற நண்டுக்கறி. கிணற்றுத் தண்ணீரை அளந்து செலவழியுங்கள், தீவில் நல்ல தண்ணி என்றால் தங்கம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், வேண்டாம்தான். முறுக்கிக்கொண்டு கடற்படையிடம் அனுமதி எடுத்துப் போகிற வேலை வேண்டாம். அது அவர்கள் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

அவர்கள் “வாங்கோ” என்றால் நானும் வருகிறேன், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு. தொண்ணூறுக்கு முதல் இரணைதீவுக்காரரோடு ஒரே கடலில் தொழில் செய்தவர். யாருடைய வலை எங்கே கிடந்தது என்று இன்னும் சொல்வார்.

விளம்பரத்தில் அந்தச் சொல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பிமாரே. எடுத்தால் உங்கள் அறிவித்தலை என் பக்கத்திலேயே பகிர்கிறேன்.

கீழே என்னைத் திட்டலாம், பதில் சொல்வேன். இரணைதீவுச் சனத்தை ‘ஜனாஸா விரட்டினவர்கள்’ என்று எழுதுகிற கருத்தை மட்டும் அழிப்பேன். திங்கட்கிழமை தவணைப் பரீட்சை, வினாத்தாள் வேலை கிடக்கிறது. பதில் பிந்தினால் கோபிக்க வேண்டாம்.