பிரித்துப் பிரித்துப் பின்னிய ஸ்வெட்டர்



தெற்கேயிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்த நம்மில் அநேகர், ஸ்வெட்டரின் அருமையை அறிந்துகொண்டது இங்கே வந்த பிறகுதான். நாங்கள் டெல்லிக்கு வந்தது 2002-ஆம் ஆண்டு. அந்த முதல் குளிர்காலத்தில், ஆர்.கே. புரத்தில் வெயில் விழும் புல்தரையில் அமர்ந்து, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் என் மனைவி பின்னல் கற்றுக்கொண்டாள். இரண்டாம் வகுப்பில் படித்த எங்கள் மகனுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள்.

முதுகுப் பகுதி முடியும் தறுவாயில், ஒரு மாலை அதை என்னிடம் விரித்துக் காட்டினாள். நான் உற்றுப் பார்த்து, "இந்த இடத்தில் ஒரு கண்ணி மாறியிருக்கிறதே" என்றேன். அன்றிரவே முழுவதையும் பிரித்துவிட்டாள். மறுபடியும் பின்னினாள், மறுபடியும் ஏதோ ஒரு குறை, மறுபடியும் பிரித்தாள். மூன்று முறை இப்படி நடந்தது. ஜனவரிக் குளிரில் பிள்ளை பழைய மெல்லிய ஸ்வெட்டரோடு பள்ளிக்குப் போய்வந்தான்.

அந்த மாதத்தில் அவனுடைய ஆசிரியை எங்களை அழைத்து, அவனுடைய நோட்டைக் காட்டினார். பாதிப் பக்கங்களைக் காணோம். ஓர் எழுத்துப் பிசகினாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறானாம். "ஏன் கிழித்தாய்?" என்று கேட்டேன். "தப்பு வந்தா அம்மாவும் பிரிச்சிடுறாங்களே" என்றான். என் மனைவி தலைகுனிந்தாள். ஆனால் பிரசங்கத்தில் ஒரு சொல் தடுமாறினாலும் இரவெல்லாம் உறங்காமல் புரளுகிற எனக்கு, இந்த வியாதி வீட்டுக்குள் எவர் வழியாக வந்தது என்பது நன்றாக விளங்கிற்று.

பிரியமானவர்களே, என் மனைவி கண்ணீரோடு அந்த அம்மையாரிடம் போனபோது அவர் கற்பித்தவை, பின்னுகிறவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

முதலாவது, எல்லாத் தவறும் ஒரே தவறு அல்ல. ஊசியிலிருந்து நழுவி விழுந்த கண்ணி, ஏணிபோல வரிசை வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதை உடனே பிடிக்க வேண்டும். அதற்கும் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். ஆனால் நேர்க்கண்ணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மறுகண்ணி விழுந்துவிட்டால் அது ஓடாது, கிழியாது. அந்த ஒரு கண்ணியை மட்டும் அவிழ்த்துத் திருத்தலாம். விட்டாலும் குளிர் அதன் வழியே நுழையாது.

இரண்டாவது, மனச்சோர்வின் வேர் பெரும்பாலும் தொடக்கத்தில் அளவு பாராமையே. ஓர் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி என்று எண்ணி, 20 அங்குல அகலத்துக்கு 110 கண்ணி ஏற்றுகிறோம். நம் கை தளர்ந்து அங்குலத்துக்கு ஐந்துதான் விழுமானால், அகலம் 22 அங்குலமாகிவிடும். முன்னும் பின்னும் சேர்ந்தால் நான்கு அங்குலம் அதிகம்! சிறு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி அளந்திருந்தால், சற்று மெல்லிய ஊசிக்கு மாறியிருக்கலாம். உங்கள் கை எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்; பிறருடைய கையின் கணக்கை உங்கள்மேல் சுமத்திக்கொள்ளாதேயுங்கள்.

மூன்றாவது, சரியாக முடித்த வரிசையின் கண்ணிகளுக்குள் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்துவையுங்கள். பிறகு தவறு நேர்ந்தாலும் அந்த நூல்வரைதான் பிரியும். அதற்குக் கீழுள்ள உழைப்பு அப்படியே நிற்கும்.

நான்காவது, எரிச்சலோடு பின்னாதேயுங்கள்; எரிச்சலோடு பிரிக்கவும் செய்யாதேயுங்கள். மனம் இறுகினால் கை இறுகும். கை இறுகினால் கண்ணியும் இறுகும். கையிலுள்ள வரிசையை முடித்து, ஊசியை வைத்துவிட்டு எழுந்திருங்கள். காலையில் பார்க்கையில் அந்தக் குறை பாதியாகக் குறைந்திருக்கும்.

எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். பாண்டம் கெட்டுப்போனபோது குயவன் களிமண்ணை எறிந்துவிடவில்லை. அதே மண்ணைக் கொண்டு வேறொரு பாண்டத்தை வனைந்தான். நம் கையிலுள்ள கம்பளி நூலும் அப்படிப்பட்டதே. கத்தரியால் வெட்டிய துணி பழையபடி சேராது. பின்னலோ ஒரே நூல். பிரித்தாலும் அது வீணாவதில்லை. ஆனால் பிரித்துக்கொண்டே இருக்கிற வீட்டில் ஒருவருக்கும் ஸ்வெட்டர் கிடைப்பதில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த ஸ்வெட்டர் முடிந்தது. இடது இடுப்போரத்தில் ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள்; நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பெரிதாகப் பின்னியிருந்தபடியால், அடுத்த குளிர்காலத்திலும் எங்கள் மகன் அதையே அணிந்தான். நோட்டிலும், தவறிய சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதக் கற்றுக்கொண்டான். நான் கற்றுக்கொள்ளத்தான் அதிக காலம் பிடித்தது. "அன்று மாலை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு" என்று என் மனைவியிடம் ஒப்புக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின.

பிரியமானவர்களே, இன்று மாலை உங்கள் வீட்டில் ஒருவர் தம் கைவேலையை உங்கள் முன் விரித்துக் காட்டக்கூடும். அது சமைத்த உணவாக இருக்கலாம், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலாக இருக்கலாம். உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? தவறிய அந்த ஒரு கண்ணிக்கா, சரியாக விழுந்த மற்ற ஆயிரம் கண்ணிகளுக்கா?