புத்தகசாலையும் ஜாபிதாவும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, தேர், கோபுரம் என்றுதான் நம் ஜனங்களில் பெரும்பாலோர் சொல்லுவார்கள். அவ்வூரில் 1875ம் வருஷத்திலேயே ஒரு பொதுப் புத்தகசாலை ஏற்பட்டதென்பதையும், அவ்வூர் அப்போது சேர்ந்திருந்த திருநெல்வேலி ஜில்லாவின் கலெக்டர் பென்னிங்டன் பெயரால் அது இன்றும் வழங்கி வருகிறதென்பதையும் எத்தனை பேர் எடுத்துச் சொல்லுகிறார்கள்? ஏறக்குறைய ஏழு மைலுக்கு அப்பால் இருக்கும் ராஜபாளையத்திலோ, சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்த திரு. பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றம் என்ற பொது ஸ்தாபனத்திற்குக் கொடுத்துவிட்டார். இவை தவிர இரண்டு ஊர்களிலும் சர்க்கார் நூலகங்களும் இருக்கின்றன.

கட்டடம் கொடுத்தவருக்குக் கல்வெட்டு உண்டு. திறந்து வைத்தவருக்கு மாலை உண்டு. புத்தகம் எழுதினவருக்கு அட்டையில் பெயர் உண்டு. அந்தப் புத்தகத்தை வாங்கி, பதிந்து, எண் போட்டு, கேட்கிறவன் கையில் கிடைக்கும்படி செய்கிறவனுக்கு மாத்திரம் ஒன்றும் கிடையாது. அவன் வேலை இன்னதென்றுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. தூசி தட்டி அடுக்குவதுதானே என்று நினைத்திருக்கிறோம்.

அவன் வேலைதான் என்ன? வரப்போகும் புத்தகம் ஏற்கனவே அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த கட்டைப் பிரித்துப் பில்லோடு சரிபார்க்க வேண்டும். பாரம் விட்டுப்போனதும், தலைகீழாகத் தைத்ததும் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வரவுப் பதிவேட்டில் வரிசை எண் கொடுத்து, விலையும் வந்த வழியும் எழுதி, முத்திரை குத்த வேண்டும். பிறகு விஷயம் இன்னதென்று கண்டு வகுப்பெண் போட்டு, ஜாபிதாவில் ஏற்ற வேண்டும். முன்னே அட்டையில் எழுதினார்கள்; இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். யந்திரம் மாறியதே தவிர, யோசிக்க வேண்டிய பொறுப்பு அப்படியே இருக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுவோம். ஒருவர் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று புத்தகத்திற்குத் தலைப்பிடுகிறார். இன்னொருவர் 'திருவில்லிபுத்தூர்' என்று இடுகிறார். ஒன்று தகர வரிசையில் போய் உட்காரும். மற்றொன்று கிரந்த எழுத்தாகக் கடைசிக்கு ஓடிவிடும். 'ராஜபாளையம்', 'இராஜபாளையம்', 'இராசபாளையம்' என்பவையும் இப்படித்தான். ராஜபாளையம் மில் தொழிலாளி ஒருவர், ஷிப்டு முடிந்து, தம் ஊரைப் பற்றி ஏதேனும் புத்தகம் உண்டா என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுவோம். அவர் 'ரா'வில் தேடுவார். புத்தகமோ 'இ'யில் இருக்கும். "இல்லை" என்று பதில் வரும். அவரும் நம்பிப் போய்விடுவார். புத்தகம் பத்தடி தூரத்தில் அலமாரியிலேயே இருக்கும்! பணம் கொடுத்து வாங்கிய புத்தகம் இல்லாத புத்தகமாய்ப் போவது இப்படித்தான். 'ராஜபாளையம்: இராஜபாளையம் என்பதைக் காண்க' என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த மனிதர் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார். அந்த ஒரு வரியைப் போடுவதற்குத்தான் படித்த ஆள் வேண்டுமென்கிறோம்.

நிற்க, மனிதர் பெயருக்கு வந்தால் சங்கதி இன்னும் வேடிக்கையாகிறது. வெள்ளைக்கார தேசத்து முறைப்படி பெயரின் கடைசிச் சொல்லை முன்னே போட்டு ஜாபிதா எழுதுவார்கள். அவர்களுக்குக் கடைசிச் சொல் குடும்பப் பெயர். நமக்கோ அந்த இடத்தில் வெகு காலமாய் இருந்தது ஜாதிப் பட்டம்! அம்முறையை அப்படியே பின்பற்றினால், உ. வே. சாமிநாதையர் 'அய்யர்' என்ற தலைப்பின் கீழும், மற்றவர்கள் முதலியார், பிள்ளை, நாயுடு என்ற தலைப்புகளின் கீழும் வந்து, புத்தகசாலையின் ஜாபிதாவே ஒரு ஜாதிக் கணக்காய் முடியும். அதிலும் ஒரு புத்தகத்தில் 'ஐயர்', ஒரு புத்தகத்தில் 'அய்யர்' என்றிருந்தால் ஒரே ஆசாமி இரண்டு ஆசாமி ஆகிவிடுவார்.

இந்தக் கஷ்டத்தைக் கண்டு வழி சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924ல் சென்னை சர்வகலாசாலைப் புத்தகசாலைத் தலைவரானவர். 1934ல் ஜாபிதா எழுதுவதற்கென்றே ஒரு விதிநூல் செய்தவர். தென்னிந்தியர் பெயரில் கடைசிச் சொல் ஜாதியை மாத்திரம் குறிப்பதானால், அதைத் தனியே முன்னே இழுக்காமல், இயற்பெயரை முதலில் வைத்து இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டுமென்று விதித்தார். தேடுகிறவனுக்கு எது சுலபமென்ற ஒரே கணக்கில் போட்ட விதி இது. 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்தவர்கள் வேறு காரணத்தினால் செய்தார்கள். இரண்டு காரணமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது. பட்டத்தை விட்டவர் பெயர் ஜாபிதாவில் தகராறில்லாமல் தன் எழுத்திலேயே நிற்கிறது.

விஷயத்தின்படி வகுப்பதிலும் இப்படியே. அமெரிக்கரான டூயி 1876ல் வெளியிட்ட தசம முறையை உலகத்தில் மிகுந்த புத்தகசாலைகள் கைக்கொண்டிருக்கின்றன. அதில் மதத்துக்கு ஒதுக்கிய பத்துப் பிரிவுகளில் ஏழு பிரிவு கிறிஸ்து மதத்துக்கு. உலகத்திலுள்ள மற்ற மதமெல்லாம் 290 என்ற ஒரே கொட்டடியில்! மதங்களுக்கு இடம் போதவில்லை என்பதில் நமக்கு ஒன்றும் துக்கமில்லை. ஆனால் இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820 என்று முழுப் பிரிவு கொடுத்தவர்கள், தமிழ் இலக்கியத்தை 894.811 என்று 'மற்ற பாஷைகள்' வாலில் கட்டியிருக்கிறார்கள். கடவுள் இல்லை என்று எழுதிய புத்தகமும் 211.8 என்ற எண்ணோடு மதத்தின் வீட்டிலேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. பெரியார் புத்தகத்தை மதத்தில் வைப்பதா, சமூக இயலில் வைப்பதா, அரசியலில் வைப்பதா? எங்கே வைக்கிறோமோ அங்கே வருகிறவன் கண்ணில்தான் அது படும். மாதம் சில ஆயிரத்துக்கு உழைக்கும் ஒரு சிப்பந்தி இதைத் தீர்மானிக்கிறார்!

ஆனால் வாங்குவதென்னவோ பெரும்பாலும் அவர் கையிலில்லை. சர்க்கார் நூலகங்களுக்கு வேண்டிய புத்தகங்களைச் சென்னையிலிருக்கும் தேர்வுக் குழு பொறுக்கி, எல்லா ஊருக்கும் அனுப்புவதே வெகு காலமாய் வழக்கம். நெசவும் மில்லும் நிறைந்த ஊருக்கு என்ன வேண்டும், நெல் விளையும் ஊருக்கு என்ன வேண்டும் என்ற பேதமில்லாமல் ஒரே மூட்டை வந்து இறங்கும். 2024ல் வெளிப்படையான கொள்முதல் என்று ஒரு கொள்கையும், அதற்கென ஒரு இணையதளமும் ஏற்பட்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் வாசகர் என்ன கேட்டார் என்பது அந்தந்த ஊர் நூலகர் வாயிலாக மேலே போய்ச் சேராவிட்டால், பதிப்பாளர்களுக்குள் பங்கு சரியாய்ப் பிரிந்ததே தவிர வாசகருக்குப் பயன் வராது.

பணம் யாருடையது என்பதையும் யோசியுங்கள். 1948ம் வருஷத்து சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம். விருதுநகர் ஜில்லாவிலுள்ள இவ்விரு முனிசிபாலிட்டிகளிலும் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் இதையும் கட்டுகிறார்கள். புத்தகமே தொடாதவரும் கட்டுகிறார். அப்படியிருக்க, சிப்பந்திகளைத் தினக்கூலியிலும் தொகுப்பூதியத்திலும் வருஷக்கணக்காய் வைத்திருப்பது எந்த நியாயம்? ஊர்ப்புற நூலகங்களில் இப்படிக் காலம் கழித்தவர்கள் பலர். 1929லேயே சென்னைப் புத்தகசாலைச் சங்கம் இந்த வேலைக்கென்று பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருக்க, பயிற்சி பெற்றவருக்கு வேலையில்லை, வேலை பார்ப்பவருக்கு நிலையில்லை என்பது வெட்கக்கேடு. காலியிடங்களை நிரப்புவதும், ஜாபிதா வேலைக்கென்றே ஜில்லாவுக்குச் சில பேரையாவது நிரந்தரமாய் வைப்பதும் சர்க்காரின் கடமை.

இதற்கிடையில் நம் தோழர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. இவ்விரு ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ளவர்கள் நூலகத்துக்குப் போகும்போது பத்திரிகை பார்த்துவிட்டு எழுந்து வராமல், வேண்டிய புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், வருஷம், விலை ஆகிய ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து வர வேண்டும். 'நல்ல புத்தகம் வாங்குங்கள்' என்று பொதுவாய்ச் சொன்னால் எந்தச் சிப்பந்தியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, தம் ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்திலும் தேடிப் பார்த்து, ஓரிடத்தில்தான் வருகிறதென்றால், மற்ற இடங்களிலும் 'காண்க' என்று போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தம் வேலையைப் பற்றி ஒருவர் விசாரித்தாரே என்று சந்தோஷப்படவே செய்வார்.