கடைத்தெருவுக்கு வழி

இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில் சம்புக்கா என்றொரு சிற்றூர் உண்டு. பாழடைந்து கிடந்த 16 வீடுகளை அவ்வூர் நகராட்சி 2019-ஆம் ஆண்டில் ஏலத்துக்கு விட்டது. தொடக்க விலை ஒரே ஒரு யூரோ! வாங்குவோர் மூன்றாண்டுகளுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவிட்டு வீட்டைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்குப் பிணையாக 5,000 யூரோ செலுத்த வேண்டும் என்பன நிபந்தனைகள். செய்தி கடல் கடந்து பரவியது. அமெரிக்காவிலிருந்து ஒரு திரைப்பட நடிகையே வந்து வீடு வாங்கினார். அவர் அதைச் செப்பனிட்ட வரலாறு தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று.

ஊர்கள் தம் வீடுகளைக் கூவி விற்கும் நிலை ஏன் வந்தது? 1964-ஆம் ஆண்டில் இத்தாலியில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2024-இல் பிறந்தவை ஏறத்தாழ 3,70,000 மட்டுமே. பிறந்தவர்களும் தெற்கத்திச் சிற்றூர்களில் தங்குவதில்லை. மிலான், தூரின் எனத் தொழில் நகரங்களை நாடிச் செல்கின்றனர். முதியவர் மறைந்ததும் வீடு பூட்டப்படுகிறது. பிள்ளைகள் குறையப் பள்ளி மூடப்படுகிறது. பள்ளியில்லா ஊரில் எஞ்சிய இளங்குடும்பமும் மூட்டை கட்டுகிறது.

சம்புக்காவின் தோற்றம் நம்மவர் அறியத்தக்கது. கி.பி. 827-இல் கைரவான் நகரக் காஜியார் அசத் இப்னுல் ஃபுராத் அவர்களின் தலைமையில் ஒரு படை சிசிலியின் மஸாராக் கரையில் இறங்கியது. அதனைத் தொடர்ந்த காலத்தில் அரபியர் ஸபூத் என்ற பெயரில் நிறுவிய குடியிருப்பே இவ்வூர் என்பர். சம்புக்கா ஸபூத் என வழங்கிவந்த பெயரிலிருந்து அந்த அரபுச் சொல்லை முசோலினியின் ஆட்சியில், 1923-இல், நீக்கிவிட்டனர். இன்றோ, வாங்க வருவோரை ஈர்ப்பதற்கு அதே அரபியர் தெருவின் குறுகிய சந்துகளைத்தான் முன்னிறுத்துகின்றனர். வேண்டாத பெயர் விற்பனைக்கு மட்டும் வேண்டியதாயிற்று போலும்!

இத்திட்டத்தால் கொத்தருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது. இடிந்த கூரைகள் எழுந்தன. இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வீடு வாங்கியவருள் பலர் கோடை விடுமுறைக்கு வந்து செல்பவர்கள். அவர்கள் வீட்டுக்கு உரியவர் ஆயினரே ஒழிய ஊருக்கு உரியவர் ஆகவில்லை. ஆண்டில் ஒரு திங்கள் மட்டும் திறக்கும் கதவுகளால் பள்ளிக்கு ஒரு பிள்ளைகூடக் கூடப்போவதில்லை.

குடியேறி வருபவனுக்கு உண்மையில் தேவைப்படுவது எது? ஹிஜ்ரத்தின் பின் மதீனத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் சகோதரர்களாகப் பிணைத்த வரலாறு நாம் அறிந்ததே. அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். வந்தவரோ நன்றியுடன் அதனை மறுத்து, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். கொடுக்க முன்வந்த மனத்தின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். வழி கேட்டவரின் தெளிவை அத்துணை பேசுவதில்லை என்பது என் கருத்து.

அந்த வழியைக் காட்ட முயன்ற ஊர் ஒன்றும் இத்தாலியில் உண்டு. தென்கோடியில், கலாபிரியாவில் உள்ள ரியாச்சே அது. 1972-இல் அதன் கடலடியில் இரு பழங்கிரேக்க வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவை ரெஜ்ஜோ நகர அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன. 1998-இல் அதே கடற்கரையில் சுமார் 200 குர்தியர்களைச் சுமந்த படகொன்று ஒதுங்கியது. மேலூரில் பூட்டிக் கிடந்த வீடுகளை அவர்களுக்குத் திறந்துவிடலாம் என்று எண்ணியவர் தொமேனிக்கோ லூக்கானோ என்னும் ஆசிரியர். 2004-இல் அவரே மேயரானார். நெசவு, மட்பாண்டம், கண்ணாடி வேலை ஆகியவற்றுக்கான பட்டறைகளில் ஊராரும் வந்தவரும் அருகருகே அமர்ந்தனர். குறுஞ்சந்துகளில் கழுதைகளைக் கொண்டு குப்பை அகற்றும் பணியிலும் வந்தவர்கள் சேர்ந்தனர். அரசின் உதவித்தொகை காலந்தாழ்ந்து வந்தமையால், உள்ளூர்க் கடைகளில் செல்லும்படி காந்தியடிகளின் உருவம் பொறித்த சீட்டுகளையும் அச்சிட்டனர். பள்ளிக்கூடத்தில் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்டது.

2018 அக்டோபரில் லூக்கானோ வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். சட்டவிரோதக் குடியேற்றத்துக்குத் துணைபோனார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2021-இல் 13 ஆண்டு 2 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2023-இல் மேல்முறையீட்டு மன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளி, ஒன்றரை ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகக் குறைத்தது. இதற்கிடையே உதவித்தொகை நின்று, வந்தவருள் பலர் வெளியேறினர். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: ரியாச்சேயின் பட்டறைகள் அரசுப் பணத்தை ஊன்றியே நின்றன. கடைத்தெருவுக்கு வழி காட்டினர். கடைத்தெரு உருவாகக் கால அவகாசம் கிடைக்கவில்லை. சம்புக்காவில் காசோடு வந்தவருக்கு மூன்றாண்டுத் தவணை தந்து வரவேற்ற அதே நாடு, உழைக்க வந்தவரிடம் அத்தனை பொறுமை காட்டவில்லை.

2019-இல் ரியாச்சே மக்களே லூக்கானோவின் எதிரணியினரைத் தேர்ந்தெடுத்தனர். ஊர் முகப்பில் வரவேற்பின் ஊர் என்றிருந்த பலகையை அகற்றி, புனிதர்களான கொஸ்மா, தமியான் ஆகியோரின் ஊர் என்று வேறு பலகை நட்டனர். கிறித்தவ மரபின்படி அவ்விருவரும் அரபு நாட்டில் பிறந்த மருத்துவர்கள்! 2024 ஜூனில் அம்மக்கள் லூக்கானோவை மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுத்தனர்.