பழத்துக்குப் பழம் எடை மாறும்... தராசுமா மாறும்?

புனே வந்து 14 வருஷம் ஆச்சு. டிசம்பர் பொறந்தாலே மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி தெருமுனைக்கு வந்துடும். போன சனிக்கிழமை ஒரு டப்பா வாங்கினேன். நூறு ரூபாய். மேலே '200 கிராம்'னு ஸ்டிக்கர்.

சும்மா இருக்க முடியாம தங்கமணியோட சமையலறைத் தராசுல வச்சுப் பார்த்தேன். டப்பாவோட 187. காலி டப்பா 14. அப்போ பழம் 173. இருக்கறதுலயே பெரிய பழம் 24 கிராம். காணாமப் போனது 27!

திரும்பிப் போய்க் கேட்டேன். "சாப், ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு எடை. நான் என்ன செய்ய?"ன்னார் கடைக்காரர்.

அவர் சொன்னதுல முதல் பாதி சத்தியமான உண்மை. ஸ்ட்ராபெர்ரி மேல விதை மாதிரி ஒட்டிட்டிருக்கே, அதுதான் நிஜமான பழம். நாம சாப்பிடற சிவப்புச் சதை, பூவோட அடிப்பகுதி வீங்கினது. அந்தப் பொடி விதைகள் சுரக்கற ஆக்ஸின்தான் சதையை வளர்க்குது. ஒரு கொத்துல முதல்ல பூக்கற பூவுல விதை அதிகம், அதனால பழம் பெரிசு. அடுத்தடுத்த பூவுல விதை குறைய, பழமும் சிறுக்கும். மகரந்தம் சரியா சேரலைன்னா அந்தப் பக்கம் மட்டும் சப்பிப் போகும். ரகத்தைப் பொறுத்தும் மாறும். போதாததுக்கு, பழத்துல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. பறிச்ச நிமிஷத்துலேர்ந்து அது வத்திக்கிட்டே இருக்கும்.

ஆக, சின்னப் பழம் மேல எனக்குக் கோபமே இல்லை. விவசாயி மேலயும் இல்லை. ஆனா ஐயா, பழத்துக்குப் பழம் எடை மாறும்னுதானே மனுஷன் தராசையே கண்டுபிடிச்சான்? எல்லாம் ஒரே எடைன்னா எண்ணியே வித்துடலாமே! சின்னப் பழம்னா இன்னும் மூணு போடு. தண்ணி வத்தும்னு தெரியுமா, பத்து கிராம் கூட வச்சுக் கட்டு. இயற்கை மேல பழி போட்டு என் பதிமூணு ரூபாயை எடுத்துக்காதே.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2011ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகள்படி, பொட்டலத்து மேல நிகர எடை போடணும். நிகர எடைன்னா டப்பாவும் உறையும் சேராத எடை.

இதுல நம்ம தப்பும் இருக்கு. ராஸ்தா பேட்டையில முருங்கைக்காய்க்கு ரெண்டு ரூபாய் பேரம் பேசுவோம். ஸ்ட்ராபெர்ரி டப்பாவைப் பார்த்ததும் கௌரவம் வந்து வாயை அடைச்சுடும். இந்தி தகராறுன்னு வேற ஒரு சாக்கு. 'வஜன் கர்கே தோ'ன்னு மூணே வார்த்தைதாங்க! பழத்தைத் தனியாக் கொட்டி நிறுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா 1915ன்னு ஒரு நுகர்வோர் உதவி எண் இருக்கு.

அந்தக் கடைக்காரர் கடைசியில நாலு பழம் எடுத்துக் கொடுத்தார். நிறுக்காமத்தான்!