மீன் செத்தது திருஷ்டியால் அல்ல

எங்கள் ஊர்ப் பக்கம் தொட்டி மீன் செத்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். "நமக்கு வரவேண்டிய கெட்டத அது வாங்கிட்டுப் போயிட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆச்சியும் அதைத்தான் சொன்னாள். தங்கச்சி ஆசைப்பட்டாள் என்று ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் ஒரே நாளில் வாங்கி வந்திருந்தேன். நான்காம் நாள் முதல் மீன் மிதந்தது. ஏழாம் நாள் தொட்டி காலி. "அண்ணே, நான் சாப்பாடு நெறைய போட்டுட்டேனா?" என்று தங்கச்சி அழுதாள். ஆச்சி திருஷ்டி என்றாள், தங்கச்சி தன்னால்தான் என்றாள். உண்மையில் தப்பு என்னுடையது. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் படிக்க வேண்டியிருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி வாங்கும் நாளில் மீன் வாங்கக் கூடாது. குறைந்தது ஒரு மாதம் தொட்டி வெறும் தண்ணீரோடு ஓட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மீன் வளர்க்காமல் இருப்பதே மீனுக்குச் செய்யும் நன்மை.

ஏன் ஒரு மாதம்? மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். குளத்தில் இதைத் தின்ன பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அளவாக இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பேருக்குத்தான் இருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் ஆறு மீனை விட்டால், கழிவறை இல்லாத பூட்டிய அறையில் ஆறு பேரை அடைத்தது போலத்தான்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கிலேயே பிரித்தெடுத்துவிட்டார். அதற்கும் 40 வருடம் முன்பு, 1850-ல், ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷை நீர்ச்செடியோடும் நத்தையோடும் சேர்த்து வளர்த்துக் காட்டினார். தொட்டியில் மீன் மட்டும் இருந்தால் போதாது, மீனின் கழிவைச் சுத்தம் செய்ய வேறு உயிர்களும் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கயத்தாறு, கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது பி.எச். அளவு 8-ஐத் தாண்டியது. இங்கேதான் சிக்கல். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் சொச்சம்தான் அந்த விஷ வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏறக்குறைய பத்து மடங்கு! வெயில் ஏறினால் இன்னும் கூடும். ஆக, நல்ல ஆற்றுத் தண்ணீர் உள்ள ஊரில் தப்பிக்கிற தவறு நம் ஊரில் மீனைக் கொன்றுவிடும். மற்றவர்களைவிட நாம்தான் அதிகம் காத்திருக்க வேண்டியவர்கள்.

சிலர் உடனே, "அப்போ ஆர்.ஓ. கேன் தண்ணி ஊத்துனா போச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் உப்புச் சத்தெல்லாம் நீங்கிவிடுவதால் பி.எச். அளவு நிலையாக நிற்காது, திடீரென்று சரிந்துவிடும். மீனுக்கும் சில உப்புகள் தேவை. காசு கொடுத்து தண்ணீரை மாற்றுவதைவிட தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பதே புத்திசாலித்தனம். கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரில் சந்தோஷமாக வாழும். நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் மென்மையான தண்ணீர் வேண்டும், அவை நமக்கு வேண்டாம்.

இரண்டாவது முறை நான் செய்தது இதுதான்.

1. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. ஏறக்குறைய 57 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீரே 57 கிலோ. அதனால் ஆடாத மேஜை, அடியில் தெர்மாகோல். சின்ன பவுல் வேண்டாம், தண்ணீர் குறையக் குறைய விஷம் சீக்கிரம் ஏறும்.

2. மணலை நன்றாகக் கழுவிப் போட்டேன். ஓடையில் பொறுக்கிய கல் ஒவ்வொன்றிலும் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் அது சுக்கான்கல், தொட்டிக்கு ஆகாது, ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

3. குழாய்த் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். குளோரின் மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, காற்றும் விட்டு ஊற்றினேன்.

4. மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன். அது அழுகி அம்மோனியா வந்தால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. ஃபில்டர் இரவும் பகலும் ஓடியது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பனிடம் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேட்டு வாங்கி உள்ளே போட்டேன். இது நாட்களை நன்றாகக் குறைக்கும்.

5. சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு தீனி போட்டுக்கொண்டிருந்தும் இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் பாதித் தண்ணீரை மாற்றி, மூன்றே மூன்று கப்பி விட்டேன்.

"முதல்ல ரெண்டு மட்ட மீன விட்டுப் பாருங்க, செத்தா பத்து ரூபாதான" என்று ஒரு யோசனை எங்கும் கேட்கலாம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னை கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் பிறந்து, ஆக்ஸிஜன் அடைத்த பாலித்தீன் பையில் 500 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வருகிற மீன்கள் உண்டு. அத்தனை தூரம் தப்பி வந்ததை நம் அவசரத்துக்குச் சோதனைப் பொருளாக்குவது என்ன நியாயம்? சிட்டிகைத் தீனி செய்கிற வேலைக்கு ஓர் உயிர் எதற்கு?

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. "இன்னைக்கே மீன் வேணும்" என்று நிற்பது நாம்தான். ஆனாலும் "தொட்டிய இன்னைக்குக் கொண்டு போங்க, மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்தக் கடையை விட்டு நான் வேறு கடைக்குப் போகமாட்டேன்.

அம்மாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. குடிக்கவே குடம் குடமாய்ச் சேர்த்து வைக்கிற ஊரில் கண்ணாடிக்குள் நாலு குடம் தண்ணீரா? நியாயமான கேள்வி. வாரம் ஒரு முறை மாற்றுகிற ஒரு குடம் தண்ணீரை இப்போது கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் ஊற்றுகிறோம். அதில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரம். சொட்டுக்கூட வீணாகவில்லை. அம்மா இப்போது எதுவும் சொல்வதில்லை.

அந்த வெறும் தொட்டி முன்னால் தங்கச்சி ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தாள். "எப்பண்ணே மீன்?" என்று தினமும் கேட்டாள். சோதனைத் தண்ணீரின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு காலண்டரில் எழுதியதும் அவள்தான். ஆறு மீன் ஏன் செத்தன என்று இன்று அவளுக்குத் தெரியும், தன்னால் இல்லை என்றும் தெரியும். திருஷ்டி என்று விட்டிருந்தால் அடுத்த ஆறும் செத்திருக்கும்.