ஊசி முறிந்தால் எந்திரத்தை எறிவோமா?

எங்கள் தமிழ்த்துறையின் மேசைக்கணினி 2011இல் வாங்கப்பட்டது. அண்மையில் அதைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது; விண்டோஸ் 11 இதில் ஏறாது என்றார்கள். இரண்டும் மெய்யே. ஆனால் நிறுவனம் கைவிட்டது தன் மென்பொருளைத்தானே? கணினி எப்போது செத்தது?

நான் அருள்புரத்தில் குடியிருப்பவன். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஓவர்லாக்கில் ஊசி முறிந்தால் தைப்பவர் ஊசியை மாற்றுகிறார்; எந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. அவருக்குள்ள தெளிவு கற்றோர் அவையில் இல்லாமற் போனதேன்?

அனுமதி பெற்று அதில் டெபியன் லினக்ஸை நிறுவினேன். அப்போதும் ஊர்ந்தது. 'ஃப்ரீ' என்ற கட்டளை நோயைச் சொல்லிவிட்டது: 2 ஜிபி நினைவகம் நிரம்பி, மிச்சம் வன்தட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. வன்தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆக, குறை முதுமையன்று, பற்றாக்குறை. 'டிஎம்ஐடிகோட்' கட்டளை, தேவை டிடிஆர்3 வகை என்றது. வகையறிந்தே வாங்க வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3 ஆகியவற்றின் வெட்டுக்குறிகள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் துளையில் பொருந்தாது. பழைய 4 ஜிபி துண்டுகள் இரண்டு வாங்கி, மின்கம்பியைப் பிடுங்கி, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கி, இருபுறக் கொக்கியும் 'டக்' எனும்வரை அழுத்தினேன். வேலை பத்து நிமிடம்.

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று வாதிடவில்லை. 32 பிட் செயலி மட்டுமே உள்ளவற்றுக்கு, 2025இல் வந்த டெபியன் 13 நிறுவியே தருவதில்லை. பழைய வன்தட்டு எந்நாளும் மடியலாம். ஆனால் பரிசோதித்துக் கைவிடுவது வேறு, பாராமல் கைவிடுவது வேறு.

"இது இலக்கியவாதியின் வேலையா?" என்று நண்பர் நகைத்தார். ஏடு செல்லரித்தால் படியெடுத்துக் காத்த மரபு நம்முடையது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு நூல்களைக் காத்ததும் கணினியில்தான். கருவியைப் பேணுவதும் நூலைப் பேணுவதே.

எங்கள் மாணவர் பலர் வீட்டில் கணினி இல்லை. பெற்றோர் கம்பெனிக்குச் செல்பவர்கள். துறையில் ஒரு கணினி குறைந்தால் யாருக்கு இழப்பு என்பதைக் கையெழுத்திட்டவர்கள் எண்ணினார்களா?

பட்டியலிலிருந்து அதன் பெயர் இன்னும் நீங்கவில்லை. நேற்று மாலை ஒரு மாணவி அதில் மணிமேகலை படித்துக்கொண்டிருந்தாள்.